மரபெழுத்துக்களை ஒப்புநோக்கிய வரலாறு

ஒரு சொல்லின் பொருளை அறிய வேண்டுமாயின், அச்சொல்லை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உற்று நோக்கினாலும் பயனில்லை. அச்சொல் வேறு எங்கெங்கே வழங்குகிறது, வடிவில் அதனை ஒத்த சொற்கள் எவை, அவை எப்பொருளில் வருகின்றன என்று தேடிப் பார்த்தல் வேண்டும். பழைய ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் இம்முறையையே கையாண்டனர். ஒரே நூலுக்குப் பல ஊர்களில் கிடைத்த ஏடுகளை அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்புநோக்கினர். ஒரே பிழை இரண்டு ஏடுகளில் காணப்படுமாயின், அவ்விரண்டும் ஒரே மூல ஏட்டிலிருந்து படி எடுக்கப்பட்டிருத்தல் கூடும் என்று கருதினர்.

உயிர்களின் உடலுக்குள்ளும் இத்தகைய ஏடு ஒன்று உண்டு. அதற்கு டி.என்.ஏ. என்று பெயர். அவ்வேட்டில் வழங்கும் எழுத்துக்கள் நான்கே. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப் பொருள்களை முறையே ஏ, டி, ஜி, சி என்று விஞ்ஞானிகள் குறிப்பர். தலைமுறை தலைமுறையாக இவ்வேடு படி எடுக்கப்படுகின்றது. படி எடுக்கும்போது எங்கோ ஓர் எழுத்து மாறுகின்றது. ஓரெழுத்து விட்டுப் போகின்றது. ஓரெழுத்து மிகுதியாகச் சேர்ந்து விடுகின்றது. அம்மாற்றம் வழிவழி வருவோருக்கும் செல்கின்றது. ஆகவே, ஏடுகளை ஒப்புநோக்கி உறவு கண்டது போலவே, உயிர்களின் எழுத்து வரிசைகளை ஒப்புநோக்கியும் உறவு காணலாம்.

இன்று இவ்வேலையைக் கணிப்பொறி விரைந்து செய்து முடிக்கின்றது. ஒரு வரிசையன்று, ஆயிரம் வரிசைகளை ஒருசேரக் கொடுத்தாலும் ஒவ்வொன்றுக்கும் உறவினர் யார் யார் என்று பட்டியல் எழுதித் தந்து விடுகின்றது. ஆயினும் இந்நிலை ஒரே நாளில் வந்து வாய்த்ததன்று. சேர்த்து வைத்தவர்கள் ஒரு சாரார்; ஒப்பிடும் முறை கண்டவர்கள் மற்றொரு சாரார்; கிடைத்த விடையை ஐயுற்று ஆராய்ந்தவர்கள் இன்னொரு சாரார். இம்மூவகை உழைப்பும் கூடியதே அவ்வரலாறு.

முதல் ஒப்பீடு

ஒப்புமை காண்பதற்கு முதலில் எழுத்து வரிசை ஒன்று கையில் இருத்தல் வேண்டும். அதனை அளித்தவர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் பணியாற்றிய பிரெடரிக் சாங்கர். நீரிழிவு நோயாளிகளுக்கு மருந்தாகும் இன்சுலின் ஒரு புரதம். புரதங்கள் அமினோ அமிலங்கள் என்னும் மணிகளைக் கோத்த மாலை போன்றவை. இன்சுலினில் 30 மணிகள் கொண்ட நீண்ட சரம் ஒன்றும், 21 மணிகள் கொண்ட குறுஞ்சரம் ஒன்றும் உள்ளன. இவ்வைம்பத்தொரு மணிகளும் எவ்வரிசையில் கோக்கப்பட்டுள்ளன என்பதைச் சாங்கரும் அவர்தம் துணைவர்களும் பல்லாண்டு உழைத்து 1955-க்குள் முற்றும் கண்டறிந்தனர். அதற்காக 1958-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

அவர்கள் மாட்டின் இன்சுலினோடு நிற்கவில்லை. பன்றியின் இன்சுலினையும் ஆட்டின் இன்சுலினையும் எடுத்து ஒப்பிட்டனர். மூன்றும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன. குறுஞ்சரத்தில் எட்டு, ஒன்பது, பத்து ஆகிய இடங்களில் மட்டுமே வேறுபாடு காணப்பட்டது. சிறிய செய்திதான், ஆயினும் அதனுள் பெரிய உண்மை அடங்கியிருந்தது. ஒரே தொழிலைச் செய்யும் புரதங்கள் வெவ்வேறு விலங்குகளில் ஒத்த வரிசையோடு இருக்கின்றன. மாறக்கூடிய இடம் மாறுகின்றது, மாறக்கூடாத இடம் மாறாமல் நிற்கின்றது. 1960-களில் லைனஸ் பாலிங், எமில் சுக்கர்கண்டல் ஆகிய இருவரும் இதனை மேலும் வளர்த்தனர். குருதியில் உள்ள ஹீமோகுளோபின் புரதத்தைப் பல உயிர்களில் ஒப்பிட்டு, வேறுபாடுகளின் எண்ணிக்கையைக் கொண்டே அவ்வுயிர்கள் தம்முள் பிரிந்த காலத்தைக் கணிக்கலாம் என்று கூறினர்.

டேஹாஃப் அம்மையாரின் தொகுப்பு

வரிசைகள் ஒவ்வொன்றாக வெளிவரலாயின. ஆனால் அவை பற்பல ஆய்வு ஏடுகளில் சிதறிக் கிடந்தன. சிதறிக் கிடப்பவற்றை ஒப்பிடுதல் எங்ஙனம்? அவற்றைத் திரட்ட முன்வந்தவர் மார்கரெட் டேஹாஃப் என்னும் அமெரிக்க அம்மையார். 1925-இல் பிறந்த இவர் வேதியியலில் பட்டம் பெற்றவர். மாணவியாயிருந்த காலத்திலேயே துளையிட்ட அட்டைகளால் இயங்கும் கணக்கு இயந்திரங்களை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தியவர். 1962-இல் ராபர்ட் லெட்லி என்பவருடன் சேர்ந்து, துண்டு துண்டாகக் கிடைக்கும் புரத வரிசைகளை ஒன்றாகப் பொருத்துவதற்கு ஐ.பி.எம். 7090 கணிப்பொறிக்கு ஒரு நிரல் எழுதினார். 1965-இல் அவரும் அவர்தம் குழுவினரும் அதுவரை அறியப்பட்ட புரத வரிசைகளை ஒரு நூலாகத் தொகுத்து வெளியிட்டனர். அந்நூலில் இடம் பெற்ற வரிசைகள் 65. இன்று கோடிக்கணக்கில் பெருகி நிற்கும் களஞ்சியங்களுக்கு அச்சிறு நூலே முன்னோடி.

அம்மையார் செய்த மற்றொரு பணி எளியது போல் தோன்றுவது. அமினோ அமிலங்களின் பெயர்களை அதுவரை மும்மூன்று எழுத்துக்களால் சுருக்கி எழுதி வந்தனர். அவற்றை ஓரெழுத்துக் குறிகளாக அவர் ஆக்கினார். அலனினுக்கு ஏ, கிளைசினுக்கு ஜி, லூசினுக்கு எல். இதனால் கணிப்பொறியில் இடம் மிச்சமாயிற்று. கண்ணால் ஒப்பிடுவதும் எளிதாயிற்று.

மூன்றாவது பணி மிக நுட்பமானது. எல்லா எழுத்து மாற்றங்களும் ஒரே தன்மையன அல்ல. தமிழில் லகரத்துக்கு ளகரம் எழுதிவிடுதல் அடிக்கடி நேரும் பிழை. லகரத்துக்குச் ககரம் எழுதிவிடுதல் அரிதாக நேரும் பிழை. புரதங்களிலும் அவ்வாறே. தன்மையில் ஒத்த அமிலங்கள் ஒன்றுக்கொன்று எளிதில் மாறுகின்றன. ஒவ்வாதவை மாறுவது அரிது. எது எதற்கு எத்தனை முறை மாறுகின்றது என்பதை உறவுடைய புரதங்களிலிருந்து எண்ணிக் கணக்கிட்டு, 1978-இல் ஒரு மதிப்பெண் அட்டவணையை அம்மையார் வெளியிட்டார். இரண்டு வரிசைகள் எவ்வளவு ஒத்தன என்று கண்ணால் கூறுவது போய், எண்ணால் கூறும் வழி பிறந்தது. 1983-இல் அம்மையார் காலமானார்.

இடைவெளி விட்டு ஒப்பிடும் கலை

ஒப்பிடுவதில் ஓர் இடர் உண்டு. 'தோட்டப்பள்ளி', 'தோட்டத்துப்பள்ளி' என்னும் இரு சொற்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, முதல் எழுத்துக்கு முதல் எழுத்து, இரண்டாம் எழுத்துக்கு இரண்டாம் எழுத்து என்று ஒப்பிட்டுச் செல்க. முதல் மூன்று எழுத்துக்கள் ஒக்கும். அதன்பின் 'த்து' குறுக்கிடுவதால் எஞ்சியவை எல்லாம் இடம் பெயர்ந்து, பெரும்பாலும் ஒவ்வாதன போல் தோன்றும். ஆனால் முதற் சொல்லின் நடுவே இரண்டு எழுத்துக்களுக்கு இடம் விட்டுப் பார்த்தால் 'ப்பள்ளி' என்பது அப்படியே பொருந்தி விடும். இடைவெளியை எங்கே விடுவது, எத்தனை விடுவது என்பதே கேள்வி. சொற்கள் சிறியவையாயின் கண்ணே கண்டுகொள்ளும். நூற்றுக்கணக்கான எழுத்துக்கள் உடைய வரிசைகளில் இடைவெளி விடும் வழிகள் எண்ணிலடங்கா. ஒவ்வொன்றையும் சோதிப்பது எந்தக் கணிப்பொறிக்கும் இயலாத காரியம்.

இச்சிக்கலை 1970-இல் அவிழ்த்தவர்கள் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சால் நீடில்மன், கிறிஸ்டியன் வுன்ஷ் ஆகிய இருவர். ஒரு வரிசையைக் கட்டத்தின் மேற்புறத்திலும் மற்றதைப் பக்கவாட்டிலும் எழுதி, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதற்கு முன்னுள்ள கட்டங்களிலிருந்து கிடைக்கும் சிறந்த மதிப்பெண்ணை மட்டும் குறித்துக்கொண்டே சென்றால், முடிவில் எல்லாவற்றினும் சிறந்த பொருத்தம் தானே வெளிப்படும் என்று அவர்கள் காட்டினர். எல்லா வழிகளையும் நடந்து பாராமலே நல்வழியைக் காணும் உபாயம் இது.

இம்முறை இரு வரிசைகளையும் முதலிலிருந்து கடைசி வரை பொருத்த முயன்றது. ஆனால் இயற்கையில் பல வேளைகளில் ஒரு பகுதி மட்டுமே ஒத்திருக்கும். இரண்டு நீண்ட பாடல்களில் ஓர் அடி மட்டும் பொதுவாக இருப்பது போல. அப்பகுதியை மட்டும் தேடிக் கண்டுபிடிக்கும் முறையை டெம்பிள் ஸ்மித், மைக்கேல் வாட்டர்மன் ஆகிய இருவரும் 1981-இல் வெளியிட்டனர். மிகச் சிறந்த பொருத்தத்தைத் தவறாமல் காட்டும் முறை அதுவே. அதன் குறை ஒன்றுதான். அது மெதுவாக நடக்கும்.

களஞ்சியம் பிறந்தது

1977-இல் சாங்கர் மீண்டும் தோன்றுகிறார். இம்முறை டி.என்.ஏ. எழுத்துக்களையே நேராகப் படிக்கும் வழியை அவர் அளித்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஆலன் மாக்சம், வால்டர் கில்பர்ட் ஆகிய இருவரும் வேறொரு வழியை அளித்தனர். அதுகாறும் துளித்துளியாக வந்த எழுத்துக்கள் வெள்ளமாகப் பெருகின. ஐரோப்பாவில் ஹைடல்பெர்க் நகரிலும், அமெரிக்காவில் லாஸ் அலமாஸ் ஆய்வுக் கூடத்திலும் அவற்றைச் சேர்த்து வைக்கும் முயற்சிகள் தொடங்கின. லாஸ் அலமாஸில் வால்டர் கோட் என்பவர் வளர்த்த தொகுப்பு 1982-இல் ஜென்பேங்க் என்னும் பொதுக் களஞ்சியமாயிற்று. பின்னர் ஜப்பானின் மிஷிமா நகரிலும் ஒரு களஞ்சியம் எழுந்தது. மூன்றும் தத்தம் சரக்கை ஒன்றோடொன்று பரிமாறிக்கொண்டன. ஒன்றில் சேர்ந்தது மூன்றிலும் சேர்ந்ததாயிற்று.

1982 டிசம்பரில் ஜென்பேங்கில் இருந்தவை 606 வரிசைகள், எழுத்துக்கள் 6,80,338. ஆய்வு ஏடுகளில் அச்சான வரிசைகளைப் பணியாளர்கள் பார்த்துப் பார்த்துக் கணிப்பொறியில் ஏற்றினர். நான்கே எழுத்துக்கள் ஆயிரக்கணக்கில் மாறி மாறி வரும் பக்கத்தைப் பிழையின்றிப் படி எடுப்பது எத்துணைக் கடினம் என்பதைப் படி எடுத்துப் பழகியவர் அறிவர். நாளடைவில், எழுத்து வரிசையைக் களஞ்சியத்தில் சேர்த்த பின்னரே கட்டுரையை வெளியிடுவோம் என்று ஆய்வு ஏடுகள் விதி செய்தன. கண்டது பொதுவுடைமையாகும் என்னும் அவ்வழக்கமே பிற்காலத் தேடல்கள் யாவற்றுக்கும் அடித்தளம்.

1983 ஜூலை மாதம்

இத்தேடலால் என்ன பயன் என்று ஐயுற்றோருக்கு 1983 விடையளித்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ பகுதியில் பணியாற்றிய ரஸல் டூலிட்டில் என்பவர், டேஹாஃப் அம்மையாரின் தொகுப்பில் சேராத புதிய வரிசைகளைத் தாமே திரட்டி, புதிய தொகுப்பு என்னும் பொருள்பட 'நியூஆட்' என்று பெயரிட்டு வைத்திருந்தார். புதிய வரிசை எது வந்தாலும் பழையவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம்.

அக்காலத்தில் இரண்டு வெவ்வேறு ஆராய்ச்சிகள் நடைபெற்று வந்தன. ஒன்று, குரங்கு ஒன்றில் கட்டியை உண்டாக்கிய வைரஸைப் பற்றியது. அவ்வைரஸின் 'சிஸ்' என்னும் மரபணுவே உயிரணுக்களைப் புற்றாக மாற்றுகின்றது என்று தெரிந்திருந்தது. எவ்வாறு மாற்றுகின்றது என்பது தெரியவில்லை. மற்றொன்று, மனிதக் குருதித் தட்டுகளிலிருந்து வெளிப்படும் ஒரு வளர்ச்சிப் புரதத்தைப் பற்றியது. உடம்பில் காயம் பட்டால் அவ்விடத்தில் உயிரணுக்களைப் பெருகச் செய்து புண்ணை ஆற்றுவதில் அப்புரதத்துக்குப் பங்கு உண்டு. ஒன்று நோய், மற்றது நோய் தீர்ப்பது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று எண்ணியவர் இலர்.

வளர்ச்சிப் புரதத்தின் வரிசையைத் தம் தொகுப்போடு ஒப்பிட்ட டூலிட்டில், அது வைரஸின் 'சிஸ்' மரபணு ஆக்கும் புரதத்தோடு ஏறத்தாழ எழுத்துக்கு எழுத்து பொருந்துவதைக் கண்டார். இலண்டனில் மைக்கேல் வாட்டர்ஃபீல்டும் அவர்தம் குழுவினரும் தனியே இதே முடிவுக்கு வந்தனர். 1983 ஜூலை மாதத்தில் இரு குழுவினரின் கட்டுரைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. புற்றுநோய் என்பது முற்றிலும் அன்னியமான ஒன்றன்று. உடல் தன் வளர்ச்சிக்கென்று வைத்திருக்கும் கட்டளையே இடமும் காலமும் தவறி இடைவிடாது ஒலிப்பதால் புற்று உண்டாகலாம் என்பது இதனால் விளங்கிற்று. இரு பக்கமும் உழைத்தவர் பலர். ஆயினும் இரண்டையும் இணைத்தது ஒப்புநோக்கும் செயலே.

விரைவுக்கு வழி

களஞ்சியம் வளர வளர, ஸ்மித், வாட்டர்மன் முறையால் அதனை முழுதும் தேடுதல் நெடுநேரம் பிடித்தது. ஆகவே குறுக்கு வழி தேவைப்பட்டது. 1983-இல் ஜான் வில்பர், டேவிட் லிப்மன் ஆகியோர் விரைவான தேடல் முறை ஒன்றைக் கூறினர். 1985-இல் லிப்மனும் வில்லியம் பியர்சனும் புரதங்களுக்கான நிரலை அளித்தனர். 1988-இல் அது விரிவடைந்து ஃபாஸ்ட்ஏ என்னும் பெயரோடு வந்தது. 1990-இல் ஸ்டீபன் ஆல்ட்ஷுல், வாரன் கிஷ், வெப் மில்லர், யூஜின் மையர்ஸ், டேவிட் லிப்மன் ஆகிய ஐவரும் பிளாஸ்ட் என்னும் நிரலை வெளியிட்டனர். இன்றும் உலகெங்கும் வழங்குவது அதன் வழிவந்த நிரலே.

பிளாஸ்ட் செயற்படும் வகை இது. ஆராய வேண்டிய வரிசையை அது சிறு சிறு சொற்களாக வெட்டிக்கொள்கின்றது. டி.என்.ஏ. ஆயின் பதினொன்று அல்லது பன்னிரண்டு எழுத்துக்கள். புரதமாயின் மூன்று அல்லது நான்கு. அச்சொற்கள் களஞ்சியத்தில் எங்கே வருகின்றன என்று மட்டும் முதலில் தேடுகின்றது. பொருந்தும் இடம் கிடைத்தவுடன், அங்கிருந்து இருபுறமும் பொருத்தத்தை நீட்டிப் பார்க்கின்றது. மதிப்பெண் உயருமளவும் நீட்டும். தாழ்ந்து போனால் விட்டுவிடும். இதனால் களஞ்சியத்தின் பெரும்பகுதியை அது நின்று நோக்காமலே கடந்து விடுகின்றது. சில வேளைகளில் தொலைவான உறவு ஒன்று தப்பிப் போகலாம். விரைவுக்குக் கொடுக்கும் விலை அது.

ஐவரின் நிரலுக்குத் துணையாக நின்றது ஒரு கணிதம். அதே 1990-இல் சாமுவேல் கார்லினும் ஆல்ட்ஷுலும் அதனை வெளியிட்டனர். கிடைத்த ஒப்புமை உண்மையான உறவின் அடையாளமா, தற்செயலா என்று மதிப்பிடும் கணக்கு அது. சிற்றூர் ஒன்றில் ஒரே பெயரும் ஒரே தந்தை பெயரும் உடைய இருவரைக் கண்டால் வியப்பாக இருக்கும். பெருநகரின் வாக்காளர் பட்டியலில் அத்தகையோர் பலர் இருப்பர், வியப்பில்லை. அதுபோல, களஞ்சியம் எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்குத் தற்செயலான ஒப்புமைகளும் மிகும். இம்மதிப்பெண்ணுக்குக் குறையாத ஒப்புமைகள் இக்களஞ்சியத்தில் தற்செயலாக எத்தனை தோன்றும் என்பதை எதிர்பார்ப்பு எண் குறிக்கின்றது. அவ்வெண் பத்து எனில் விடையை நம்புதல் கூடாது. சுழியை நெருங்கியதாயின் உறவென்று கருதலாம்.

பல வரிசைகள் ஒருசேர

ஒரு வரிசைக்கு உறவு தேடியது போய், பல வரிசைகளுக்கு ஒரே மூச்சில் தேடும் காலம் வந்தது. 1991-இல் அமெரிக்காவில் கிரேக் வென்டரும் அவர்தம் துணைவரும் மனித மூளையில் செயற்படும் மரபணுக்களின் துணுக்குகளை, இன்னது என்று தேர்ந்தெடுக்காமல், அறுநூறுக்கும் மேற்பட்டவற்றை எடுத்துப் படித்தனர். அவற்றைக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டபோது 337 துணுக்குகள் புதிய மரபணுக்களைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. அவற்றுள்ளும் 48 துணுக்குகளுக்கு வேறு உயிர்களில் உறவு கிடைத்தது. ஒன்றுக்கு ஈஸ்டில் உறவு. சிலவற்றுக்குப் பழ ஈயில் உறவு. மனித மூளையின் மரபணு ஒன்றுக்குப் பொருள் கூற ஒரு சிறு ஈயைப் பற்றிய ஆராய்ச்சி உதவிற்று.

1995-இல் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே என்னும் பாக்டீரியாவின் முழு ஏடும் படித்து முடிக்கப்பட்டது. தனித்து வாழும் உயிர் ஒன்றின் ஏடு முழுமையாகப் படிக்கப்பட்டது அதுவே முதன்முறை. எழுத்துக்கள் 18,30,137. மரபணுக்கள் என்று கருதத்தக்கவை 1,743. இவை அனைத்தையும் களஞ்சியத்தோடு ஒப்பிட்டதில் 1,007 மரபணுக்களுக்குத் தொழில் இன்னது என்று கூற முடிந்தது. எஞ்சியவை தொழில் தெரியாமல் நின்றன. உறவு தேடுவதால் எவ்வளவு கிட்டும், எவ்வளவு கிட்டாது என்பதற்கு இது நல்ல அளவுகோல்.

பல வரிசைகளைத் தேடுவோர்க்கு ஃபாஸ்ட்ஏ நிரலோடு வந்த எழுதும் முறை பேருதவியாயிற்று. அம்பு முனை போன்ற குறி ஒன்று. அதனையடுத்து வரிசையின் பெயர். அடுத்த வரி முதல் எழுத்துக்கள். அது முடிந்ததும் மீண்டும் ஓர் அம்பு முனை, மற்றொரு பெயர், அதன் எழுத்துக்கள். இவ்வாறு எத்தனை வரிசைகளையும் ஒரே கோப்பில் அடுக்கலாம். வருகைப் பதிவேட்டில் மாணவர் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுவது போன்ற எளிய முறைதான். முறை எளிதாயிருந்தமையாலேயே எல்லோரும் அதனை ஏற்றுக்கொண்டனர். பிளாஸ்டும் அக்கோப்பையே படிக்கின்றது.

2000-இல் வெளிவந்த மெகாபிளாஸ்ட் என்னும் நிரல், மிக நெருங்கிய ஒப்புமைகளைப் பல வரிசைகளுக்கு ஒருசேரத் தேடவல்லது. ஒவ்வொரு வினாவுக்கும் விடை காண ஒரு பெரிய நூலை முதலிலிருந்து புரட்டுவோன் களைத்துப் போவான். எல்லா வினாக்களையும் மனத்தில் கொண்டு நூலை ஒருமுறை புரட்டுவோன் பல விடைகளை ஒரே வாசிப்பில் குறித்துக்கொள்வான். மெகாபிளாஸ்டின் உபாயமும் இதுவே. அடிக்கடி தேடுவோர் களஞ்சியத்தின் வேண்டிய பகுதியைத் தம் கணிப்பொறியிலேயே இறக்கி வைத்துக்கொண்டு, விடைகளை அட்டவணையாகப் பெறுவதும் வழக்கமாயிற்று.

ஏமாறிய இடங்கள்

கணிப்பொறி உறவினர் பட்டியலைத் தருமேயன்றித் தீர்ப்புக் கூறுவதில்லை. தீர்ப்புக் கூறுவது மனிதனின் வேலை. அவ்வேலையில் சறுக்கல்கள் நேர்ந்ததுண்டு.

நகைப்புக்குரிய நிகழ்ச்சி ஒன்று. மைக்கேல் கிரைட்டன் எழுதி 1990-இல் வெளிவந்த ஜுராசிக் பார்க் என்னும் நாவலில், டைனோசாரின் டி.என்.ஏ. என்று ஓர் எழுத்து வரிசை அச்சிடப்பட்டிருந்தது. மார்க் போகுஸ்கி என்னும் ஆராய்ச்சியாளர் அதனைக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அது டைனோசாரும் அன்று, பல்லியும் அன்று; பாக்டீரியாவை வைத்து ஆராய்வோர் ஆய்வுக் கூடங்களில் அன்றாடம் கையாளும் வளைய டி.என்.ஏ. ஒன்றின் எழுத்துக்கள்! 1992-இல் அவர் இதனை எழுதி வெளியிட்டார். 1995-இல் வந்த அடுத்த நாவலுக்கு வேண்டிய வரிசையை அவரே அமைத்துக் கொடுத்தார். அவ்வரிசையைப் புரத எழுத்துக்களாக மாற்றிப் படித்தால் 'மார்க் இங்கு இருந்தான்' என்னும் பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒளிந்திருப்பது தெரியும்.

கதையில் நடந்தது மெய்யாகவும் நடந்தது. 1994-இல், எட்டுக் கோடி ஆண்டுப் பழமையுடைய எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுத்ததாக ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அது டைனோசாருடையதாக இருக்கலாம் என்று உலகம் வியந்தது. மறு ஆண்டே பிற ஆய்வாளர்கள் அவ்வரிசைகளைப் பல உயிர்களின் வரிசைகளோடு ஒப்பிட்டனர். டைனோசாருக்கு உறவாக வேண்டியவை பறவையும் முதலையும். ஆனால் அவ்வரிசைகள் பாலூட்டிகளின் பக்கம் சாய்ந்தன. ஆராய்ந்ததில் அவை மனித டி.என்.ஏ. கலந்ததால் வந்தவை என்று கருத நேர்ந்தது.

இதனினும் நுட்பமான தவறு 2001-இல் நேர்ந்தது. மனிதனின் முழு ஏட்டைப் பற்றிய பேரறிக்கையில், 223 புரதங்களுக்குப் பாக்டீரியாக்களில் நெருங்கிய ஒப்புமை இருப்பதாகவும், புழு, ஈ முதலியவற்றில் இல்லாமையால் அவற்றின் மரபணுக்கள் பாக்டீரியாவிலிருந்து நேரே முதுகெலும்பிகளுக்கு வந்திருக்கலாம் என்றும் கூறப்பட்டது. சில மாதங்களில் ஸ்டீவன் சால்ஸ்பெர்க்கும் துணைவரும் அதனை மறு ஆய்வு செய்தனர். மேலும் பல உயிர்களின் வரிசைகளைச் சேர்த்துத் தேடியதும் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ நாற்பதாகக் குறைந்தது. மரபணு பலவற்றில் இருந்து சிலவற்றில் மறைந்தும் போயிருக்கலாம் அன்றோ? உண்மையான உறவினர் களஞ்சியத்தில் இல்லாதபோது, இருப்பவருள் முதலில் நிற்பவர் உறவினர் போல் தோன்றினார், அவ்வளவே.

சொல்லிலும் ஒரு குழப்பம் இருந்தது. ஒப்புமை வேறு, உறவு வேறு. இரண்டு வரிசைகள் நூற்றுக்கு அறுபது ஒத்திருக்கலாம். ஆனால் ஒருவர் மற்றொருவருக்கு நூற்றுக்கு அறுபது தம்பியாக இருக்க முடியாது. உறவு என்பது உண்டு அல்லது இல்லை. டூலிட்டில், சுக்கர்கண்டல் உள்ளிட்ட அறிஞர் பலர் 1987-இல் இதனை எடுத்துக் காட்டி, சொற்களைப் பிரித்து வழங்குமாறு வற்புறுத்தினர்.

சுங்கை நிப்பா

இவ்வரலாற்றில் மலேசியாவுக்கும் ஓர் இடம் உண்டு. 1998 செப்டம்பர் இறுதியில் பேராக் மாநிலத்தில் ஈப்போவை அடுத்த பகுதிகளில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர் சிலர் கடுங்காய்ச்சலுக்கும் மூளை அழற்சிக்கும் ஆளாயினர். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முதலில் கருதப்பட்டது. அது கொசுவால் பரவுவது; ஆகவே கொசு மருந்து அடிக்கப்பட்டது, தடுப்பூசியும் போடப்பட்டது. நோய் நிற்கவில்லை. நெகிரி செம்பிலான் மாநிலத்துக்குப் பரவிச் சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் வட்டாரங்களில் பலரைக் கொன்றது. சிங்கப்பூரில் பன்றி வெட்டும் கூடத் தொழிலாளரையும் தாக்கிற்று.

1999 மார்ச் மாதத்தில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்னும் ஆய்வாளர் நோயாளியிடமிருந்து பெற்ற வைரஸைப் பிரித்தெடுத்தார். அது அதுவரை அறியப்படாத வைரஸ். மின்னணு நுண்ணோக்கியால் அதன் வடிவம் பார்க்கப்பட்டது. குருதிநீர்ச் சோதனைகள் செய்யப்பட்டன. அதன் மரபெழுத்துக்கள் படிக்கப்பட்டு, அறியப்பட்ட வைரஸ்களோடு ஒப்பிடப்பட்டன. மூன்று வழிகளும் ஒரே இடத்தைச் சுட்டின. அதற்கு மிக நெருங்கிய உறவு, 1994-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஹெண்ட்ரா என்னும் பகுதியில் குதிரைகளைக் கொன்ற வைரஸ்.

அவ்வுறவு தெரிந்ததும் வழியும் தெரிந்தது. ஹெண்ட்ரா வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் உறைவது ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது. ஆகவே மலேசியாவிலும் வௌவால்கள் ஆராயப்பட்டன. தியோமான் தீவில் பழந்தின்னி வௌவால்களின் சிறுநீரிலிருந்து அதே நிப்பா வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. நோய் கொசுவால் அன்று, பன்றிகளின் வழியாகவே மனிதரை அடைந்தது என்பது உறுதிப்பட்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டு நோய் அடங்கிற்று. 1999 ஜூன் நடுப்பகுதி வரை மலேசியாவில் 265-க்கும் மேற்பட்டோர் நோயுற்று, அவருள் 105 பேர் இறந்தனர். சிங்கப்பூரில் 11 பேர் நோயுற்று ஒருவர் இறந்தார்.

பிரிஸ்பேனில் குதிரைகள் இறந்தபோது, அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் அவ்வைரஸின் எழுத்துக்களைப் படித்து வெளியிட்டனர். ஐந்தாண்டு கழித்துக் கடலுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் மனிதர் மடிவதற்குக் காரணம் காண அவ்வெழுத்துக்கள் துணை செய்யும் என்று அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். அவர்கள் எழுதி வைக்காதிருந்தால், நிப்பாவின் எழுத்துக்கள் உறவினர் இல்லா அனாதை போல் நின்றிருக்கும்.

1965-இல் 65 வரிசைகளைத் தொகுத்த அம்மையார் முதல், எழுத்து எழுத்தாகக் களஞ்சியத்தில் ஏற்றிய பெயர் தெரியாப் பணியாளர் வரை, இவ்வரலாற்றை நடத்திச் சென்றோர் அனைவரும் செய்தது ஒன்றே. தாம் கண்டதைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் பொதுவில் வைத்தனர். தேடும் பொறி எத்துணை விரைவுடையதாயினும், சேர்த்து வைத்ததையே அது கண்டெடுக்கும். களஞ்சியத்தில் இல்லாத உறவை எந்த நிரலும் காட்டாது. பிழையாகச் சேர்த்த பெயரைப் பிழையாகவே காட்டும். ஆதலால் கண்டதைச் செம்மையாக எழுதி வைத்தலும், கிடைத்த விடையை ஐயுற்று ஆராய்தலும் ஆகிய இரண்டுமே இக்கலையின் இரு கண்கள்.